உயிர் காத்திருக்குமா?

தோழர்களே!

மருந்துக் கடையின் முன்னே நிற்கிறோம். கையிலே மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. மனத்திலே, வீட்டில் படுத்திருப்பவரின் வாடிய முகம். கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார், உள்ளே செல்கிறார், சிறு பெட்டியொன்றைக் கொணர்ந்து வைக்கிறார், விலையைச் சொல்கிறார். கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு திடுக்கிடுகிறது. ‘இந்தச் சிறு மாத்திரைக்கா இத்தனை ரூபாய்? பொன்னை உருக்கியா ஊற்றினார்கள்? வைரத்தைப் பொடித்தா கலந்தார்கள்?’ என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கேட்பதில்லை. வீட்டுக்குத் திரும்புகிறோம், கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகிறது, மருந்து வீட்டுக்கு வருகிறது. அடகு வைக்க ஏதும் இல்லாதவன் வீட்டுக்கோ, மருந்து வருவதே இல்லை.

அந்த மாத்திரையிலே பொன்னும் இல்லை, வைரமும் இல்லை. அதன் விலையை வானளாவ உயர்த்தி வைத்திருப்பது ஒரு தேதி! ஆம், தோழர்களே, நாள்காட்டியிலே உள்ள ஒரு தேதி. அந்தத் தேதி வரும்வரை அந்த மருந்தை ஒருவர் மட்டுமே செய்யலாம், ஒருவர் மட்டுமே விற்கலாம். அவர் வைத்ததே விலை. அந்தத் தேதி கழிந்த மறுநாள், ஆற்றல் படைத்த எவரும் அரசின் அனுமதி பெற்றுச் செய்யலாம், விற்கலாம். நான்கு பேர் கடை விரித்த சந்தையிலே ஒருவர் மட்டும் கொள்ளை விலை கூற முடியுமா? அதே மருந்து, அதே அளவு, அதே பயன். விலை மட்டும் மலையிலிருந்து மடுவுக்கு இறங்கிவிடும்.

‘அரசியல் பேச வேண்டிய பகுதியிலே மருந்துக் கடைப் பேச்சு எதற்கு?’ என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஏழை நோயாளியின் கைக்கு மருந்து என்று எட்டும் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. சட்டத்தை நாடாளுமன்றம் முடிவு செய்கிறது. நாடாளுமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள். இது அரசியல் இல்லையென்றால், அரசியல் என்று வேறு எதைச் சொல்வது?

காப்புரிமை என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதியதொன்றைக் கண்டுபிடித்தவர், அதன் செய்முறையை ஒளித்து வைக்காமல் நாட்டுக்கு எழுதிக் கொடுக்கிறார். அதற்குக் கைம்மாறாக நாடு அவருக்குக் குறிப்பிட்ட காலம் வரை தனியுரிமை வழங்குகிறது. இன்றைய சட்டப்படி அந்தக் காலம் மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அது முடிந்ததும் அந்த அறிவு பொதுச் சொத்து. முதலில் செய்த கம்பெனி சூட்டிய வணிகப் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மருந்தைச் செய்யலாம், அதற்குரிய பொதுப் பெயரால் விற்கலாம். அதைத்தான் ஜெனரிக் மருந்து என்கிறார்கள். அது போலி மருந்தன்று, மட்ட மருந்துமன்று. ஒரே களத்து நெல். மூட்டையின் மேல் எழுதிய பெயர்தான் வேறு.

இது ஓர் ஒப்பந்தம். இதை நாம் பழிக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்று சொல்லும் நாம், மூளையால் உழைத்தவனுக்கு மட்டும் கூலி வேண்டாம் என்று சொல்வோமா? நாம் கேட்பது ஒன்றே ஒன்று: கெடு முடிந்தால் முடிந்ததுதானே? குத்தகைக் காலம் முடிந்த பிறகும் தோப்பை விட்டு வெளியேற மறுப்பவனுக்கு ஊரார் என்ன பெயர் வைப்பார்கள்?

வெளியேற மறுப்பதற்கென்றே ஒரு தந்திரக் கலையை வளர்த்து வைத்திருக்கிறார்கள் மருந்து உலகத்துப் பெருமுதலாளிகள். மருந்து பழையது; அதை உப்பு வடிவத்தில் ஆக்குவார்கள், புதிய காப்புரிமை கேட்பார்கள். படிக வடிவத்தைச் சற்று மாற்றுவார்கள், இன்னொரு காப்புரிமை கேட்பார்கள். இருவேளை மாத்திரையை ஒருவேளை மாத்திரையாக்குவார்கள், மற்றுமொன்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டுகள்! பழைய வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, ‘இது புதுமனை, குடியிருப்பவரெல்லாம் மீண்டும் முன்பணம் கட்டுங்கள்’ என்று கேட்பது போன்றது இது. இலையுதிர் காலமே காணாத மரம் என்னும் பொருள்பட, ‘என்றும் பசுமை’ என்று இதற்கு அழகான பெயரும் சூட்டியிருக்கிறார்கள். மரம் பசுமையாக இருக்கிறது. அதன் நிழலில் நிற்பவன்தான் வாடி உதிர்கிறான்.

கற்பனையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நம் சென்னையிலேயே நடந்த வழக்கொன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரத்தப் புற்றுநோயிலே நாட்பட்ட மைலாய்டு வகை என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அந்த நோய் கண்டவருக்கு ஆண்டுகள் எண்ணப்பட்டுவிடும். அந்த நிலையை மாற்றியது இமாட்டினிப் என்னும் மருந்து. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி அதைக் கிளீவெக் என்ற பெயரால் விற்றது. உண்மையிலேயே உயர்ந்த மருந்து, மறுக்கவில்லை. சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள் எழுந்து வேலைக்குச் சென்றார்கள். ஆனால் ஒன்று: அதை நாள்தோறும் விழுங்க வேண்டும், மிகப் பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். எனவே அதன் விலை ஒருமுறை கட்டும் கட்டணமன்று; உயிருக்குத் திங்கள்தோறும் கட்டும் வாடகை!

அந்த வாடகை எவ்வளவு? கம்பெனியின் மருந்துக்கு மாதம் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய ஆலைகள் ஜெனரிக்காகச் செய்து மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. பன்னிரண்டு பேரைக் காப்பாற்றக்கூடிய பணத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது ஒரு விலை. ஒருவருக்கான பணத்தில் பன்னிரண்டு பேரைக் காப்பது மற்றொரு விலை.

இந்திய ஆலைகளால் அப்படிச் செய்ய முடிந்தது எப்படி? அதற்கு நம் நாட்டுச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வெள்ளையர் ஆட்சி 1911இல் ஒரு காப்புரிமைச் சட்டத்தை நமக்கு விட்டுச் சென்றது. விடுதலைக்குப் பின்பும் அதுவே நீடித்தது. அரசியல் விடுதலை வந்தது. மருந்துப் புட்டிக்கு விடுதலை வரவில்லை. அமெரிக்க மேலவையின் கீஃபாவர் குழு 1959இல் தொடங்கி மருந்து விலைகளை ஆராய்ந்தபோது, சில உயிர்க்கொல்லி எதிர்ப்பு மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று கண்டது. உலகின் ஏழை நாடுகளில் ஒன்று, உலகின் உயர்ந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது!

இந்தச் சட்டத்தை மாற்றுவது பற்றி ஆராயும் பணி 1957இல் நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் அமர்ந்தவர், பின்னாளில் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றவர். 1959இல் அவர் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்நாட்டில் தொழிலாக நடத்தப்படவே இல்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. அந்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்ததே 1970ஆம் ஆண்டுச் சட்டம். 1972இல் அது நடைமுறைக்கு வந்தது. மருந்து என்னும் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு; அதுவும் அதிகம் போனால் ஏழாண்டுகள் என்றது அச்சட்டம். வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவனுக்குக் கதவு திறந்தது.

அந்தத் திறந்த கதவின் வழியேதான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. அதன் பயன் நம் எல்லைக்குள் நிற்கவில்லை. எயிட்ஸ் நோய் ஆப்பிரிக்காவைச் சுட்டெரித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டன பெரிய கம்பெனிகள். 2001 பிப்ரவரியில், இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! மருந்து மாறியதா? இல்லை. விற்பவர் ஒருவர் என்ற நிலைதான் மாறியது.

பொறுப்பார்களா? ‘திறந்த கதவை மூடு’ என்ற குரல் எழுந்தது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதன் அறிவுச்சொத்து உடன்பாடு, மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டும் என்று விதித்தது. இந்தியாவுக்கு 2005 ஜனவரி 1 வரை தவணை. அதுவரை வரும் மனுக்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்க வேண்டும்; தவணை முடிந்ததும் திறந்து பார்க்க வேண்டும். நோவார்ட்டிஸ் கம்பெனி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்ட மனு அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

அந்த மனு எதற்காக என்பதை ஊன்றிக் கவனியுங்கள். இமாட்டினிப் என்ற மூலப்பொருளுக்கு வெளிநாடுகளில் 1990களின் தொடக்கத்திலேயே காப்புரிமை கோரப்பட்டிருந்தது. சென்னையில் கேட்டது அதன் ஓர் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு! பெட்டி திறக்கப்படுவதற்கு முன்பே, 2003 நவம்பரில், தனித்து விற்கும் இடைக்கால உரிமையும் அதற்குக் கிடைத்துவிட்டது. அதைக் காட்டி ஜெனரிக் ஆலைகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. மும்பை உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. மாதம் எட்டாயிரத்துக்கு மருந்து வாங்கி வந்த குடும்பங்களின் முன்னே இலட்ச ரூபாய் விலை வந்து நின்றது.

2005இல் சட்டத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்தபோது நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்தது. இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலும், நோயாளர் அமைப்புகளின் குரலும் சேர்ந்து, சட்டத்தின் 3ஆம் பிரிவில் ‘டி’ என்னும் உட்பிரிவுக்கு வலிமை சேர்த்தன. சில வரிகளே கொண்ட சிறு உட்பிரிவு. அது சொல்வது இதுதான்: முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் முன்னதை விஞ்சினாலன்றி அது புதிய கண்டுபிடிப்பு ஆகாது. உப்பாக்கினாலும் சரி, படிகமாக்கினாலும் சரி, நோயாளிக்குக் கூடுதல் நன்மை என்ன என்று காட்டு. காட்டாவிட்டால் 20 ஆண்டு கிடையாது!

அடுத்து நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும், சில இந்திய ஆலைகளும் சென்னை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு அளித்தன. 2006 ஜனவரியில் கம்பெனியின் மனு தள்ளப்பட்டது. உடனே கம்பெனி, அந்த உட்பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2007 ஆகஸ்ட் 6ஆம் நாள், நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். 2009இல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. கடைசியாக உச்சநீதிமன்றம். அங்கே கம்பெனி சொன்னது என்ன? புதிய படிகம் ஈரத்தை அதிகம் உறிஞ்சாதாம்; எளிதில் கெடாதாம்; உடலில் கூடுதலாகச் சேருமாம். நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் ஆகியோர் 2013 ஏப்ரல் 1ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள்: மருந்தைப் பொறுத்தவரை ஆற்றல் என்றால் நோய் தீர்க்கும் ஆற்றலே; அது கூடியதாகக் காட்டப்படவில்லை; காப்புரிமை கிடையாது.

சென்னையில் ஓர் அலுவலகத்தின் மேசையிலே தொடங்கிய வழக்கு அது. அதன் தீர்ப்பை ஆப்பிரிக்காவின் மருத்துவமனைகளும் எதிர்பார்த்துக் காத்திருந்தன என்றால், சட்டத்தில் சில வரிகளுக்கு எவ்வளவு எடை என்பதை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

அத்தகைய உட்பிரிவு இல்லாத நாட்டில் என்ன நடந்தது? செல்வம் கொழிக்கும் அமெரிக்காவுக்கே செல்வோம். அங்கே 2001இல் இதே மருந்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 டாலர். 2016 வாக்கில் அது 1,20,000 டாலரையும் தாண்டியது. ஆராய்ச்சிச் செலவு முன்னரே முடிந்துவிட்டது, மருந்தும் அதுவேதான், ஆண்டுகள் செல்லச் செல்ல விலை இறங்க வேண்டியதிருக்க, ஏறியது! மூலப்பொருளின் காப்புரிமை 2015 ஜூலையில் முடிந்தது. மறுநாளே ஜெனரிக் வந்ததா? வரவில்லை. படிக வடிவத்துக்கான காப்புரிமை 2019 வரை அங்கே உயிரோடிருந்தது. அதன்மீது வழக்கு, வழக்கிலே சமரசம், அந்தச் சமரசத்தின்படி முதல் ஜெனரிக் 2016 பிப்ரவரி 1ஆம் நாள் கடைக்கு வந்தது. இடையில் ஏழு மாதங்கள்! அந்த ஏழு மாதமும் முழு விலை. சமரசத்தில் கையெழுத்திட்டது சன் பார்மா என்னும் இந்திய நிறுவனம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு முதலாளி என்பதால் மட்டும் ஒருவர் ஏழைக்கு உறவினர் ஆகிவிடுவதில்லை, தோழர்களே. சட்டம் காவல் நிற்கும் இடத்தில் அவரால் நமக்கு நன்மை. சட்டம் உறங்கும் இடத்தில் அவரும் வணிகரே.

இங்கே ஒருவர் எழுந்து வாதிடுவார்: ‘புதிய மருந்து காணக் கோடி கோடியாகச் செலவாகிறதே! பத்து முயற்சியில் ஒன்பது வீணாகிறதே! இலாபம் இல்லாவிட்டால் நாளை மருந்து கண்டுபிடிப்பது யார்?’ நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். செலவு உண்டு, தோல்வியும் உண்டு, அதற்காகத்தான் 20 ஆண்டுத் தனியுரிமை. அதை நாம் பறிக்கவில்லை. இருபத்தோராம் ஆண்டுக்கு என்ன நியாயம் என்றுதான் கேட்கிறோம். மேலும், மருந்து பிறப்பது கம்பெனிகளின் பணத்தால் மட்டுமா? கிளீவெக்கை நோயாளிகளுக்குக் கொண்டுசேர்த்த ஆய்விலே முன்னணியில் நின்றவர் ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் டிரூக்கர். 2013இல், புற்றுநோய் மருந்துகளின் விலை தாங்க முடியாததாகிவிட்டது என்று இத்துறை வல்லுநர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவ ஏடொன்றில் கூட்டாக எழுதியபோது, அவர்களில் அவரும் ஒருவர். மருந்தைத் தந்தவரே விலையை எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, அந்த விலைக்கு வக்காலத்து வாங்குவோர் யாருக்காகப் பேசுகிறார்கள்?

தேதியைக் காக்க நம் சட்டத்தில் வேறு வாயில்களும் உண்டு. கெடு முடியுமுன்பே ஜெனரிக் ஆலை சோதனைக்காக மருந்தைச் செய்து, அரசின் அனுமதியைத் தேடலாம் என்கிறது 107ஏ பிரிவு. அது இல்லையெனில், கெடு முடிந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். கம்பெனிக்கு மேலும் சில ஆண்டுகள் இனாமாகக் கிடைத்துவிடும். இன்னொரு வாயில் கட்டாய உரிமம். 2012 மார்ச்சில், பேயர் கம்பெனி மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்ற நெக்சாவர் என்னும் புற்றுநோய் மருந்தை, 8,880 ரூபாய்க்கு மேற்படாமல் விற்க வேண்டும் என்ற விதியோடு நாட்கோ நிறுவனத்துக்கு உரிமம் வழங்கினார் காப்புரிமைத் தலைமை அதிகாரி. காப்புரிமை பெற்றவருக்கு விற்பனையில் பங்கும் தர ஆணையிட்டார். மேல்முறையீடுகளிலும் அந்த ஆணை நிலைத்தது. ஆனால் அதற்குப் பிறகு வேறெந்த மருந்துக்கும் அத்தகைய உரிமம் வழங்கப்பட்டதில்லை. கதவு இருக்கிறது, திறக்கத்தான் கை எழவில்லை!

எல்லாவற்றிலும் சிறந்த வாயில் ஒன்று உண்டு. காப்புரிமை வழங்கப்படுமுன், எவர் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது சட்டத்தின் 25ஆம் பிரிவு. எவர் வேண்டுமானாலும்! கம்பெனியாக இருக்கத் தேவையில்லை. கோடீசுவரராக இருக்கத் தேவையில்லை. காசநோய்க்குரிய பெடாகுயிலின் மருந்தின் கதையைக் கேளுங்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு உற்ற துணை அது. அதன் மூலக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிய இருந்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி அதன் ஓர் உப்பு வடிவத்துக்கு வேறொரு மனுப் போட்டது; வெற்றி பெற்றிருந்தால் 2027 வரை தனியுரிமை நீண்டிருக்கும். எதிர்த்து நின்றவர்கள் யார்? இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவருமே காசநோயால் வாடி மீண்டவர்கள். பழைய மருந்துகளின் பக்க விளைவால் செவிப்புலனை இழந்தவர்கள். தாங்கள் இழந்ததை இனிவருவோர் இழக்கக்கூடாது என்று அந்தப் பெண்கள் இருவரும் மனுச் செய்தார்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் மனு தள்ளப்பட்டது. நான்காண்டுகள் மிஞ்சின! காது கேளாத இருவர் எழுப்பிய குரல், காது கேட்கும் அரசுகளுக்கும் கேட்கும்படி ஒலித்தது.

இப்படிப்பட்ட உரிமையைப் பொன்போல் போற்ற வேண்டாமா? நடப்பது என்ன? மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் வெளியிடப்பட்ட விதித் திருத்தம், முன்னர் கட்டணமின்றிச் செய்ய முடிந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்தது. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்த்து, தகாதெனக் கருதினால் வாயிலிலேயே நிறுத்திவிடவும் இடம் கொடுத்தது. காப்புரிமை பெற்றவர் இந்நாட்டில் அந்த மருந்தை எவ்வளவு விற்கிறார், செய்கிறார் என்று ஆண்டுதோறும் காட்ட வேண்டிய கணக்கை, மூன்றாண்டுக்கொருமுறை காட்டினால் போதும் என்றாக்கியது. வேலியை ஒரே நாளில் பிடுங்கினால் ஊர் கூடிவிடும். ஆதலால் ஒவ்வொரு குச்சியாக உருவுகிறார்கள்.

வணிக ஒப்பந்தங்களின் வழியாகவும் நெருக்கடி வருகிறது. தரவுத் தனியுரிமை என்றொரு கோரிக்கையைப் பணக்கார நாடுகள் விடாது எழுப்புகின்றன. முதற்கம்பெனி அரசிடம் கொடுத்த சோதனை விவரங்களை ஆதாரமாகக் கொண்டு ஜெனரிக்குக்கு அனுமதி தரக்கூடாது என்பதே அதன் சாரம். காப்புரிமை இல்லாத மருந்துக்கும் இதனால் ஒரு தேதி முளைத்துவிடும்! 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு செய்த ஒப்பந்தத்தில் இந்தியா இதற்கு இணங்கவில்லை. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தமோ, மருந்து மக்களுக்குக் கிடைக்கச் செய்ய, கம்பெனிகள் தாமாக முன்வந்து தரும் உரிமமே விரும்பத்தக்க வழி என்கிறது. தாமாக முன்வந்து! நெக்சாவர் விலை அப்படியா இறங்கியது?

ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மலிவு மருந்துக்காக வாதாடும் நாம், தரமற்ற மருந்துக்கு ஒருபோதும் வாதாட முடியாது. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் செய்யப்பட்டது. அதில் நச்சுப்பொருள் கலந்திருந்தது. அதை எண்ணும்போது வெட்கத்தால் தலை குனிகிறது. அதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, மலிவு மருந்தென்றால் இப்படித்தான்’ என்பார்கள். அன்று! ஆலைக்குள் ஆய்வாளர் செல்லாததன் விளைவு அது. விலையைக் காக்கச் சட்டம் வேண்டும். தரத்தைக் காக்கவும் சட்டம் வேண்டும். ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கேளாதிருப்பவன் நோயாளிக்கு அரைத் தோழன்தான்.

தரமும் மலிவும் ஒன்றாக வரும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளைப் பொதுப் பெயரால் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கி, மாதிரிகளைச் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே வரிசையில் நிற்பவர் கையில் விலையின்றி விழும் மாத்திரைக்குப் பின்னால் அந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் போட்டியே இல்லாத மருந்துக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டு என்ன பயன்? தேதி வராத மருந்தை அந்தக் கழகமும் மலிவாக வாங்க இயலாது. ஆகவே, அரசு மருத்துவமனையின் வரிசை கூட அந்தத் தேதியில்தான் வந்து முட்டுகிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன? கிளைக் கூட்டத்திலே இதைப் பேசுங்கள். படிப்பகத்திலே மருந்துக் கடைக்காரரையும், ஓய்வுபெற்ற மருத்துவரையும் அழைத்து விளக்கம் கேளுங்கள். நம் வாக்கைப் பெற்றுத் தில்லிக்குச் சென்றவரிடம் மூன்று கேள்விகளை நேரில் கேளுங்கள்: ‘3டி உட்பிரிவில் கை வைக்க வந்தால் எழுந்து நிற்பீரா? எவரும் எதிர்க்கலாம் என்ற உரிமைக்குப் போட்ட பூட்டைத் திறக்கச் சொல்வீரா? வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதை நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்வீரா?’ மருந்து என்றால் படித்தவர் பேச்சு, சட்டம் என்றால் வக்கீல் பேச்சு என்று ஒதுங்கி நின்றால், ஒதுங்கி நிற்கும் நம் தலைமேல்தான் விலை வந்து விழும்.

கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தைப் பேருந்தில் கடந்து செல்பவர்கள் உங்களில் பலர். இனி அந்த வழியே செல்லும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பீரங்கி இல்லை, கோட்டை இல்லை, கொடி பறக்கும் ஆரவாரம் இல்லை. அங்கே கோப்புகள் மட்டுமே இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு கோப்பிலே ஒரு தேதி தள்ளிப்போனால், எங்கோ ஒரு குடிசையில் ஒரு தாலிக்கொடி அடகுக்குப் போகும்; எங்கோ ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்கும்; எங்கோ ஒரு கட்டில் காலியாகும்.

கம்பெனி காத்திருக்கும், அதற்கு முதல் இருக்கிறது. வழக்கு காத்திருக்கும், அதற்கு வாய்தா இருக்கிறது. கோப்பு காத்திருக்கும், அதற்கு அலமாரி இருக்கிறது. உயிர் காத்திருக்குமா, தோழர்களே?